எச்சில் படாத மாம்பழம்

பாகான் டத்தோ,
3 மார்ச் 2024.

மதிப்பிற்குரிய நவமணி அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கே நலமாக இருக்கிறேன். அங்கே உங்களுக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இருக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கே மூன்று தாள் கிழிக்க வேண்டியிருக்கிறது. லாரி ஓட்டப் பழகிய நாளில்கூட இப்படித் தடுமாறியதில்லை. போனில் பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் உங்கள் போனை உங்கள் அப்பாதான் எடுக்கிறார். "யாரு, பத்துமலையா? இது அணில் வர்ற நேரம்லா தம்பி, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறார். உங்கள் தங்கை புனிதாவிடம் முறையிட்டேன். "அக்காவுக்கு எழுதுங்க. எதிர் வீட்டுப் பாப்பா அக்கா பேருக்கு அனுப்பினா அப்பா கையில சிக்காம போய்ச் சேரும்" என்று வழி சொன்னது அவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை புனிதாவும் அவர் கணவர் தேவனும் என்னைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை பிடித்திருக்கிறது என்றுகூடச் சொன்னார். சந்தோஷமாகத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பின்பக்கத்து மாமரத்தைக் காட்டினார். "மரத்துக்குக் காப்புக் கட்டியிருக்கேன் தம்பி. இந்த வருசம் முதப் பழம் பீடோர் தோட்டத்து முனியாண்டிக்கு. அணில் எச்சில் படாத பழமா இருக்கணும். அது போய்ச் சேர்ற வரைக்கும் இந்த வீட்டுல நல்ல காரியம் கிடையாது. நவமணியும் ஒரு ராத்திரி வெளிய தங்கக் கூடாது. அவ கையிலயும் கட்டியிருக்கு, பாரு" என்றார். நீங்களும் கையை நீட்டிக் காட்டினீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரு பழம்தானே, பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் தென்னையில் அணில் ஏறாமல் இருக்க அடிமரத்தில் தகரம் சுற்றுவோம். தேவனிடம் தகரம் கொடுத்து அனுப்புகிறேன். முதல் மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகத் தனியாகச் சமைத்துத் தின்கிறவன் நான். இன்னும் சில மாதம் காத்திருப்பது பெரிய விஷயம் இல்லை.

இப்படிக்கு,
பத்துமலை


ஈப்போ,
14 மார்ச் 2024.

மதிப்பிற்குரிய பத்துமலை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பாப்பா அக்கா ரவிக்கைத் துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு இப்படியெல்லாம் கடிதம் வருகிறது என்று அவருக்கு ஒரே சிரிப்பு.

நீங்கள் புரிந்துகொண்டது சரிதான். ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வரும்போது என் கையில் கட்டியிருந்த கயிற்றில் மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை. உங்கள் கார் வந்து நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அப்பாவுக்கு முனியாண்டி ஞாபகம் வந்தது. அதற்காக அப்பாவைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். வயது எழுபத்தொன்பது ஆகிறது. அம்மா போனதிலிருந்து அவருக்கு அந்த மரமும் நானும்தான். காப்பு என்று ஒன்றைக் கட்டிவிட்டால் பிறகு அது அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. நாங்கள் அப்படியே வளர்ந்துவிட்டோம்.

தகரம் வந்து சேர்ந்தது. தேவன் மரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். மறுநாள் காலையில் அணில் உங்கள் தகரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் கூரையில் ஓடிவந்து ஒரே தாவாகத் தாவி மரத்தில் உட்கார்ந்துகொண்டு, பிஞ்சைக் கடித்துத் துப்பியது. கூரைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை வெட்டச் சொன்னேன். காப்புக் கட்டிய மரத்தில் கத்தி படக் கூடாதாம்.

இங்கே நடக்கும் கூத்தைக் கேளுங்கள். அப்பா என் போனில் நாளெல்லாம் அணில் விரட்டும் படங்கள் பார்க்கிறார். அதில் பார்த்தபடி பழைய சிடித் தட்டுகளைக் கட்டினோம். பாச்சை உருண்டை தொங்கவிட்டோம். மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசினோம். அதில் எரிந்தது என் கண்தான். கடைசியாக மைலோ டின்களில் கல்லைப் போட்டுக் கிளையில் கட்டி, கயிற்றை அடுப்பங்கரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் முடிந்துவிட்டார். அணில் வந்தால் அவர் நாற்காலியிலிருந்து "நவமணி, இழு!" என்று கத்துவார். நான் பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாலும் சரி, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் சரி, ஓடிவந்து இழுக்க வேண்டும். அவரால் எழுந்து போக முடியாது. முழங்கால் அப்படி. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே என் தோள் வேண்டும்.

பாசாருக்கும் போவதில்லை. காய்கறி பாப்பா அக்கா வாங்கித் தருகிறார். உங்களுக்கு எழுதும்போதுகூடக் கயிறு என் மடியில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
நவமணி


பாகான் டத்தோ,
2 ஏப்ரல் 2024.

அன்புள்ள நவமணி அவர்களுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன். தப்பாக இருந்தால் அடுத்த கடிதத்தில் திட்டுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை லாரியிலேயே வைத்திருக்கிறேன். தேங்காய் இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் படிப்பேன். "நவமணி, இழு" வரும் இடத்தில் தனியாகச் சிரித்தேன். கூட வந்த ஆள் "அண்ணே, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டான். சிரித்து முடித்த பிறகு கஷ்டமாக இருந்தது. உங்களை ஒரு கயிற்றோடு கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். நான் இங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

தகரம் தோற்றது என் தப்புதான். தென்னைக்குப் பக்கத்தில் கூரை கிடையாது, அதனால் எனக்குத் தோன்றவில்லை. இந்தத் தடவை தெலுக் இந்தானில் நல்ல கம்பிக் கூண்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். உள்ளே பழுத்த வாழைப்பழம் வையுங்கள். தட்டில் கால் வைத்ததும் கதவு விழுந்துவிடும். நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடும் கிடையாது, ராமர் தடவிக்கொடுத்த சாதியும் இல்லை. சிவந்த வயிற்றைத் தள்ளிக்கொண்டு திரியும் திருட்டுச் சாதி. பிடித்தால் பாவம் வராது.

ஹுத்தான் மெலிந்தாங் கோயிலில் விசாரித்தேன். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் ஜூலை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். புனிதா அந்த நாளைப் பிடித்து வைத்துவிட்டார். பதிவு வேலைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பழம் ஜூனில் பழுக்கும் என்று நீங்கள் அன்று சொன்னீர்கள். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போகிறேன். அடுப்பங்கரைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
பத்துமலை


ஈப்போ,
25 ஏப்ரல் 2024.

அன்புள்ள பத்துமலை அவர்களுக்கு,

தப்பு இல்லை. நானும் எழுதிவிட்டேன், பாருங்கள்.

அடுப்பங்கரைக்கு இளம் பச்சை. ஜன்னல் பெரியதாக இருக்க வேண்டும். அதன் வழியாக எந்தக் கயிறும் உள்ளே வரக் கூடாது.

உங்கள் கூண்டில் முதலில் ஓர் எலி விழுந்தது. பிறகு பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் பூனை விழுந்து, அரைநாள் சண்டை. அதற்கும் அடுத்த வாரம் உண்மையாகவே அணில் விழுந்தது. அப்பா கைதட்டினார். "கொல்லக் கூடாது, காப்புக் கட்டின வீடு. தூரமா கொண்டுபோய் விட்டுட்டு வா. கிட்டத்துல விட்டா திரும்பி வந்துரும்" என்றார். எனக்கு உடனே உடம்பெல்லாம் பரபரத்தது. நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டேன். பெண் பார்க்க நீங்கள் வந்த அன்றுகூட அவ்வளவு அவசரமாகச் சேலை கட்டவில்லை.

கூண்டைத் துணியால் மூடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா துணியைத் தூக்கி அணிலைப் பார்த்துவிட்டு, "துப்பாய் விற்பனைக்கா?" என்று கேட்டார். இல்லை, ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போகிறேன் என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். குனோங் ராப்பாட்டில் இறங்கி, குன்று ஓரமாக நடந்து, கூண்டைத் திறந்தேன். அது நன்றிகூடச் சொல்லாமல் ஓடியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது. திரும்பி வந்து ரோட்டோரத்து ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்து, ஐஸ் மிதக்கும் தே ஆயிஸ் வாங்கிக் குடித்தேன். பிறகு இன்னொன்று வாங்கினேன். வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை. இந்த வருஷத்தில் நான் வெளியே போனது அந்த ஒரு தடவைதான். அதுவும் அணில் புண்ணியத்தில்.

மறுநாள் காலையில் மரத்தில் இன்னோர் அணில். அதே அணில்தான் என்கிறார் அப்பா. பஸ் நம்பரைப் பார்த்து வைத்துக்கொண்டதாம்.

ஆனால் மனம் தளரவில்லை. எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்யப் போகிறேன். சீருடை தைத்து மிச்சமான துணி ஒரு மூட்டை கிடக்கிறது. ஒவ்வொரு காய்க்கும் ஒரு பை தைத்து, நாடா கோத்து, காம்பில் இறுக்கி முடிச்சுப் போடப் போகிறேன். கெட்டித் துணி. பையன்கள் வருஷம் முழுவதும் உருண்டு புரண்டாலும் கிழியாத துணி. அணில் பல்லுக்கு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

அன்புடன்,
நவமணி


பாகான் டத்தோ,
12 மே 2024.

அன்புள்ள நவமணி,

"அவர்களுக்கு" என்பதை இந்தத் தடவை எடுத்துவிட்டேன்.

அடுப்பங்கரைக்குப் பச்சை அடித்தாகிவிட்டது. ஜன்னலையும் இடித்துப் பெரிதாக்கிவிட்டேன். இடித்த பிறகுதான் தெரிந்தது, அங்கே நின்றால் வாய்க்காலும் அந்தப் பக்கத்துத் தென்னைகளும் தெரிகின்றன. இத்தனை வருஷம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சமைத்திருக்கிறேன்.

பை யோசனை அருமை. எனக்கு எப்படித் தோன்றாமல் போனது! ஜூன் மாதம் ஈப்போவுக்குத் தேங்காய் கொண்டுவரும்போது வீட்டுக்கு வந்து பார்க்கிறேன். அப்பாவுக்கு இளநீர் கொண்டுவருகிறேன். அவரையும் இங்கே வந்து இருக்கச் சொல்லலாமா? பெண் பார்க்க வந்த அன்றே, நீங்கள் உள்ளே போயிருந்தபோது கேட்டேன். "மரத்தை யாரு பாக்குறது?" என்றார். நானே அங்கே வந்து இருக்கட்டுமா என்றேன். "வீட்டோட மாப்பிள்ளை நம்ம குடும்பத்துல பழக்கம் இல்ல" என்றார்.

அன்புடன்,
பத்துமலை


ஈப்போ,
9 ஜூன் 2024.

அன்புள்ள உங்களுக்கு,

நல்ல சேதி எழுத வேண்டும் என்று இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். நல்ல சேதி வந்தது, போயும்விட்டது.

பை கட்டியதும் மூன்று வாரம் ஒரு காய்கூடக் கடிபடவில்லை. அணில்கள் வரும், பையைப் பிறாண்டிப் பார்க்கும், வாலை ஆட்டிவிட்டுப் போய்விடும். மரம் முழுக்க வெள்ளையும் நீலமுமாகப் பள்ளிக்கூடம் தொங்குவது போல இருந்தது. "நவமணி, இழு" என்ற சத்தமே நின்றுபோயிற்று. அப்பா பேசாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன்.

பிறகு காய் முற்றத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், எது முதலில் பழுக்கும் என்று நான் கண்வைத்திருந்தேனோ அதுவே கடிபட்டுக் கிடந்தது. மறுநாள் இன்னொன்று. இப்போது தினமும் ஒன்று. அதுவும் முற்றியதாகப் பார்த்துத்தான். பச்சைக் காயை எதுவும் தொடுவதில்லை. "பாத்தியா, துணியெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டா?" என்கிறார் அப்பா. "முனியாண்டிக்கு இந்த வருசம் மனசு இல்ல போலிருக்கு. அடுத்த வருசம் பாப்போம்" என்கிறார்.

அடுத்த வருஷமாம்! எனக்கு அப்போது தலைக்குள் என்னவோ அறுந்த மாதிரி ஆயிற்று. நான் இந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பூட்டிப் போட்டிருந்தால்கூட உடைக்கலாம். ஒரு மஞ்சள் கயிற்றை எதை வைத்து உடைப்பது? அறுத்துப் போட்டுவிட்டு வா என்கிறாள் புனிதா. அவள் சொல்வாள். அறுத்துவிட்டு வந்த மறுநாள் அப்பா வழுக்கி விழுந்தால், அதற்குக் காரணம் நான் என்று ஆயுசுக்கும் என் தலையில் உட்கார்ந்திருக்கும். தங்கச்சி பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆகிப் போனாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஏதாவது ஒன்று எனக்கு முன்னால் நிற்கிறது. அம்மாவின் சர்க்கரை, அப்பாவின் முழங்கால், இப்போது அணில்.

மரத்தில் முற்றிய காய் இனி அதிகம் இல்லை. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள்,
நவமணி


பாகான் டத்தோ,
23 ஜூன் 2024.

நவமணி அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்துபோனதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மனதில் வைத்துக்கொண்டே இருப்பதைவிட எழுதிவிடுவது நல்லது.

நீங்கள் உள்ளே தேத்தண்ணீர் கலக்கும்போது நான் பின்பக்கம் போய் மரத்தைப் பார்த்தேன். கடிபட்ட பழத்துக்கு மேலே உங்கள் பை இருந்தது. துணியில் ஒரு பல் தடம்கூட இல்லை. நாடா அவிழ்ந்திருந்தது. பையை நாலாக மடித்துக் கிளை இடுக்கில் செருகி வைத்திருந்தது. அடுத்த கிளையிலும் அப்படியே.

அணிலோடு மல்லுக்கட்டியே பிழைக்கிறவன் நான். அது கிழிக்கும், குதறும், ஓட்டை போடும். முடிச்சை அவிழ்க்காது. துணியை மடித்தும் வைக்காது. அப்பாவோ நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாதவர். வீட்டில் மீதி இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

உங்களுக்கு இதில் விருப்பம் இல்லையென்றால் என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். இந்த வயதில் ஊரைவிட்டு, வீட்டைவிட்டு, புது ஆளோடு வந்து இருப்பது சின்ன விஷயம் இல்லை. பயம் வரும். எனக்கும் இருக்கிறது. ஆனால் அணில்மேல் பழியைப் போட்டு என்னை நாலு மாதம் அலையவிட்டதுதான் வலிக்கிறது. உங்கள் கடிதம் ஒவ்வொன்றையும் நான் நம்பிப் படித்தேன்.

கோயிலில் பிடித்து வைத்த நாளை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் ஒரு வார்த்தை எழுதுங்கள். வராவிட்டால் புரிந்துகொள்கிறேன்.

பத்துமலை


ஈப்போ,
27 ஜூன் 2024.

பத்துமலை அவர்களுக்கு,

நான் அவிழ்க்கவில்லை.

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அதைக் கிழித்து அடுப்பில் போடத் தோன்றியது. நாலு மாதம் கடிதம் எழுதிய பிறகும் இந்த மனிதருக்கு என்னைத் தெரியவில்லையே என்று அழுதேன். மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவுக்குக் கேட்காமல் அழுதேன். இரண்டாவது தடவை படித்தபோது அழுகை நின்றுவிட்டது. மடித்து வைத்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் கவனிக்கவே இல்லை. பழம் போயிற்று என்ற ஆத்திரத்தில் கீழே கிடந்ததை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கோயில் நாளை விட்டுக்கொடுக்காதீர்கள். நாளைக்கு விடியும்போது அடுப்பங்கரை ஜன்னலில் நின்று பார்க்கப் போகிறேன். பிறகு பாப்பா அக்கா போனில் நானே உங்களைக் கூப்பிடுகிறேன். நீங்கள் எழுதியதற்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இளநீர் கொண்டுவந்தால் போதாது.

நவமணி


ஈப்போ,
11 ஜூலை 2024, வியாழக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. நேரில் சொன்னால் பாதியிலேயே உங்களுக்குக் காது கேட்காமல் போய்விடும். இல்லையென்றால் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் நீங்கள் மத்தியானம் தூங்கும்போது எழுதி, தண்ணீர்ச் சாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன். நிதானமாகப் படியுங்கள். கண்ணாடி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், விடிகிற நேரத்தில், நான் அடுப்பங்கரையில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் அறையிலிருந்து தனியாக நடந்து வந்தீர்கள். என் தோள் இல்லாமல், சுவரைப் பிடிக்காமல் வந்தீர்கள். பின்கதவைத் திறந்து, நான் உட்கார்ந்து துணி வெட்டும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டு, அதன்மேல் ஏறினீர்கள். நான் பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்த்து, எது நன்றாக முற்றியிருக்கிறதோ அதன் நாடாவை அவிழ்த்தீர்கள். அவிழ்த்த பையைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்கலாம். நீவி நீவி நாலாக மடித்து இடுக்கில் செருகினீர்கள். நான் தைத்தது வீணாகக் கூடாது என்றா அப்பா? அதைப் பார்த்து எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் தெரியவில்லை.

அன்று பகலெல்லாம் நீங்கள் "நவமணி, கை குடு" என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு எரிந்தது. இத்தனை மாதம் அந்தக் கயிற்றை இழுத்தேனே. பஸ்ஸில் அணிலைத் தூக்கிக்கொண்டு போனேனே. கண் எரிய மிளகாய் பூசினேனே. என்னை இந்த வீட்டில் கட்டிப்போட்டது அணில் என்று நினைத்து ஒரு வாயில்லாப் பிராணியைத் திட்டித் தீர்த்தேன். உங்களை வெறுத்தேன் அப்பா. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நாள் முழுக்க வெறுத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் நீங்கள் மறுபடி போனீர்கள். ஒரு பையை அவிழ்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டீர்கள். அணிலுக்கு முன்னால் நான் போய்விட்டேன். காம்புப் பக்கம் மஞ்சள் ஏறியிருந்தது. உங்களுக்குப் பழம் பார்க்கத் தெரியும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கூரையில் அது உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். நீங்கள் அவிழ்க்காமல் இருந்திருந்தால் எது முற்றியது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

நூல் வாங்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போன அன்று, பஸ் பிடித்துப் பீடோருக்குத்தான் போனேன். நூல் வாங்க ஏன் ஒரு பகல் ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. அங்கிருந்து வாடகைக் காரில் தோட்டத்துக்குப் போனேன். பூசாரி தர்மா பழத்தைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்லியேம்மா. இப்படிச் சுத்தமான பழத்தை யாரு கொண்டாரா இப்பல்லாம்?" என்றார். முனியாண்டி முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். என் கைக் காப்பை அவரே அவிழ்த்தார். நான் அறுக்கவில்லை அப்பா. முறைப்படி அவிழ்ந்தது. திரும்பி வந்ததிலிருந்து நீண்ட கை ரவிக்கையே போட்டுக்கொண்டிருந்தேன், உங்கள் கண்ணில் படக் கூடாது என்று. மரத்தில் இருந்ததையும் நேற்று நானே அவிழ்த்துவிட்டேன். நீங்கள் கேட்டது கேட்டபடி நடந்துவிட்டது. இனி இந்த வீட்டில் நல்ல காரியத்துக்குத் தடை இல்லை.

நாளைக் காலை ஹுத்தான் மெலிந்தாங் கோயிலில் எனக்கும் பத்துமலைக்கும் கல்யாணம். தேவன் இப்போது கார் கொண்டுவருகிறார். உங்களைக் கூப்பிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. கூப்பிட்டால் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவீர்கள், நான் பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் வைத்துவிடுவேன். நம் இருவரையும் எனக்குத் தெரியும்.

நான் போய்விட்டால் தனியாகக் கிடக்க வேண்டுமே என்ற பயம்தான் உங்களுக்கு. என்னிடம் அதை ஒரு தடவை சொல்லியிருக்கலாம். "போகாதே நவமணி, எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் ஆயுசுக்கும் போயிருக்க மாட்டேன். நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

சோறு வடித்திருக்கிறேன். மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. இரவு மாத்திரை வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று. நாளைக்கும் சனிக்கிழமைக்கும் பாப்பா அக்கா சாப்பாடு கொண்டுவருவார். அவர் முன்னால் முழங்கால் வலி என்று நடிக்க வேண்டாம், அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மீதி இருக்கும் பைகளை நான் இனிக் கட்டப் போவதில்லை. அணில் தின்றது போக மிச்சத்தை நீங்கள் தின்னுங்கள். முனியாண்டி தன் பங்கை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் வருவோம். என் சாவியை இந்தக் கடிதத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போகிறேன். வாசலில் நின்று "அப்பா" என்று கூப்பிடுவேன். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கதவைத் திறக்க உங்களால் முடியும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகள்,
நவமணி